தட்டின் கடைசிச் சுற்று

அட்ரியாஃபோன் நிறுவனத்தில் ஓர் இசைத்தட்டு வெளிவர வேண்டுமானால் எட்டுக் கைகள் உயர வேண்டும். எங்கள் நாட்டின் ஆறு குடியரசுகளுக்கு ஆறு கை, இரண்டு சுயாட்சி மாகாணங்களுக்கு இரண்டு கை. பாட்டுக் கேட்கத் தெரிந்த காது ஒன்றாவது வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. இது எனக்கு 1981 வசந்தத்தில் தெரியாது. தெரிந்திருந்தால் ரியேகா துறைமுகத்திலேயே கப்பலில் துரு சுரண்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

என் பெயர் நேவியோ. பகலில் கப்பல் கட்டும் தளத்தில் சுத்தியலால் இரும்பைத் தட்டுவேன். சாயங்காலம் டிரம்ஸ் தட்டுவேன். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பது எங்கள் அடுக்குமாடிக்காரர்களின் அபிப்பிராயம். குழுவில் மொத்தம் மூன்று பேர். லொரெதானா பாடுவாள், பேஸ் கிட்டாரும் அவள்தான். வால்டெர் கிட்டார். எங்களிடம் உருப்படியான பாட்டு ஒன்றே ஒன்று இருந்தது. அதையும் லொரெதானா எழுதியது கோபத்தில்.

அந்த வருடம் கடைகளில் காப்பி இல்லை. ரொட்டி இல்லாமல்கூட எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு வேளை இருந்துவிடுவார்கள். காப்பி இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரியோடு எப்படிச் சண்டை போடுவது, எப்படிச் சமாதானமாவது? வசதி உள்ளவர்கள் எல்லை தாண்டி ட்ரியெஸ்டுக்குப் பஸ் ஏறி, காப்பிக்கொட்டையை உள்ளாடையில் ஒளித்துக்கொண்டு வந்தார்கள். லொரெதானா மட்டும் ஒரு நாள் பிடிவாதமாகக் கூட்டுறவுக் கடை வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தபோது நடந்த உரையாடலை வீட்டுக்கு வந்து அப்படியே எழுதிவிட்டாள்.

"சோப்பு இருக்கா? இல்ல. எண்ணெய் இருக்கா? இல்ல. காப்பி இருக்கா? இல்ல. வரிசை இருக்கா? இருக்கு, கடைசியில போய் நில்லு."

இவ்வளவுதான் பாட்டு. அவள் கேட்பாள், "இல்ல" என்று நானும் வால்டெரும் கத்துவோம். அந்த "இல்ல"வுக்கு நேராக டிரம்மில் இரண்டு அடி விழும். மாணவர் மன்றத்தில் ஓசி ஒலிப்பதிவுக் கருவியில் பதிவு செய்தோம். அன்று துரு சுரண்டி என் கை வீங்கியிருந்தது. குச்சி வழுக்கி, இரண்டாவது அடி எப்போதும் கொஞ்சம் தாமதமாகவே விழுந்தது. திருப்பிப் பதிவு செய்யலாம் என்றேன். மறுநாள் காலை வால்டெருக்கு ராணுவ ரயில். அப்படியே விட்டுவிட்டோம்.

எனக்கு அக்டோபரில் அதே கட்டாய ராணுவப் பணிக்கு அழைப்பு. வால்டெர் திரும்பும்போது நான் முகாமில் இருப்பேன். நான் திரும்பும்போது லொரெதானா ட்ரியெஸ்டில் அவள் அத்தை வைத்திருக்கும் செருப்புக்கடையில் இருப்பாள். ஆக, எங்கள் குழு என்று ஒன்று உலகத்தில் இருந்ததற்கு அந்த ஒரு நாடாதான் சாட்சி. எனக்கு மொட்டை அடிப்பதற்குள் அது தட்டாக வர வேண்டும். எங்கள் ஆசை அதற்கு மேல் போகவில்லை.

அட்ரியாஃபோனுக்கு நாடாவை அனுப்பினோம். அவர்கள் ஸாக்ரெபில் இருந்த தலைமையகத்துக்கு வரச் சொன்னார்கள். நாங்கள் ஆடிப்போனோம்.

தொகுப்பு ஆணையத்தின் தலைவர் தோழர் பாவ்லெக்கின் அறைக் கதவைத் திறந்ததுமே காப்பி மணம் முகத்தில் அடித்தது. லொரெதானா என் விலாவில் இடித்தாள். ஷ்டெஃபா என்ற பருமனான அம்மாள், நீல அங்கி, காலில் மரச்செருப்பு, தலைவர் முன்னால் ஒரு சின்னக் கோப்பையை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தாள்.

"விருந்தாளிக்குத் தண்ணி," என்றாள். "குழாய் வராண்டாவுல இருக்கு."

பாவ்லெக் நல்ல மனிதர். தான் நல்லவர் என்று அவரே நம்பிய அளவுக்கு நல்லவர். எங்களை உட்காரவைத்துவிட்டு எழுந்து நின்றார். உட்கார்ந்துகொண்டு பேச அவருக்கு வராது என்று பிறகு தெரிந்தது.

"பசங்களா, நாடு முழுக்க ஒரு புது இசை கிளம்பியிருக்கு. லண்டன்ல ஒவ்வொரு கம்பெனியும் தன்கிட்ட இருக்கற பொடிப்பசங்களை எல்லாம் ஒரே தட்டுல சேத்துப் போட்டுக் காசாக்கறான். நாமளும் போடறோம். ஆனா நாம லாபத்துக்குப் போடல. சகோதரத்துவத்துக்குப் போடறோம். குடியரசுக்கு ஒரு குழு, மாகாணத்துக்கு ஒரு குழு. குரோவேஷியாவுக்கு நீங்க."

"ஸாக்ரெபுலயே முப்பது குழு இருக்கே, தோழர்," என்றாள் லொரெதானா. "எங்களை எப்படிப் பிடிச்சீங்க? பாட்டு பிடிச்சிருந்ததா?"

"பாட்டை இன்னும் கேக்கல. நிகழ்ச்சி நிரல்ல அது பின்னாடி வருது. இந்த ஊர்ல ஒருத்தனை எடுத்தா மிச்சப் பேரு எங்க வாசல்ல வந்து நிப்பான். உங்களை யாருக்கும் தெரியாது. அதனால யாருக்கும் கோவம் வராது. உங்க தகுதியே அதுதான், அதை விட்றாதீங்க."

ரயிலில் திரும்பும்போது லொரெதானா சொன்னாள்: "டேய், நம்மளை யாருக்கும் தெரியாதுங்கறதுக்கு அரசாங்கமே முத்திரை குத்திருச்சு."

அவளுக்கு ஒரே சந்தோஷம். எனக்கும்தான்.

அதன்பின் கோடை முழுக்க ஆணையத்தின் கூட்டங்களுக்குப் போனோம். குழுக்களும் வரலாம், பேசலாம், கை தூக்க மட்டும் கூடாது. முதல் கூட்டம் தட்டின் பெயரைப் பற்றியது. "புதிய அலை" என்று பாவ்லெக் முன்மொழிந்தார். நாடே இந்த இசையை அப்படித்தான் அழைத்தது. மாசிடோனியப் பிரதிநிதி எழுந்து தன் குடியரசுக்குக் கடல் இல்லை என்பதை நினைவூட்டினார். அலை என்று வைத்தால் கரையோரக் குடியரசுகளுக்குச் சலுகை காட்டியதாகும். போஸ்னியப் பிரதிநிதி தங்களுக்குக் கொஞ்சூண்டு கடற்கரை உண்டு என்றும், அந்த அளவுக்கு மட்டும் அலையை ஆதரிப்பதாகவும் சொன்னார். சாயங்காலம் வரை அலசி, அலையைக் கைவிட்டார்கள். "இளைஞர் தொகுப்பு, பகுதி ஒன்று" என்று யாரோ சொல்ல, பகுதி ஒன்று என்றால் இரண்டுக்கு வாக்குக் கொடுத்ததாகிவிடும், அதற்கு யார் ஒப்புதல் தந்தது என்ற கேள்வி வந்தது. இளைஞர் என்றால் மாண்டினீக்ரோவின் குழு இடிக்கும் என்றார் இன்னொருவர். கடைசியில் எட்டுக் கைகளும் உயர்ந்த பெயர்: "தொகுப்பு".

மாண்டினீக்ரோவின் குழு ஏன் இடித்தது என்று சொல்ல வேண்டும். அந்தக் குடியரசில் மின்சாரக் கிட்டார் வைத்திருந்த ஒரே குழு கோடைக்குக் கடற்கரை ஓட்டல்களில் வாசிக்கப் போய்விட்டது. பட்டியலில் இடம் காலியாக இருக்கக் கூடாதே. எனவே மலைக்கிராமம் ஒன்றிலிருந்து ஸாவிஷா என்ற பெரியவரை அழைத்து வந்தார்கள். ஒற்றை நரம்பு வாத்தியத்தைத் தொடையில் வைத்து இழுத்துக்கொண்டு, துருக்கியரோடு நடந்த போரைப் பாடுபவர். புதிய இசை என்பதால் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். அவர் அதைக் கழற்றவே இல்லை, மிகவும் பிடித்துப்போயிற்று.

அவருடைய பாட்டு பதினோரு நிமிடம்.

அட்டைப்படத்துக்கும் ஒரு கூட்டம். குழுவுக்கு நாலு தலை என்று முடிவாயிற்று. எங்களிடம் இரண்டு தலைதான் கைவசம் இருந்தன. அட்ரியாஃபோனின் கார் ஓட்டுநரும் வாசல் காவல்காரரும் எங்களோடு நின்றார்கள். அந்தப் படத்தில் கம்பீரமாக இருப்பவர் காவல்காரர்தான். பல பேர் அவரைத்தான் பாடகர் என்று இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்து வந்தது நேரக் கணக்கு. தட்டின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் அடைத்தால் சத்தம் மெலிந்துவிடும். இரண்டாம் பக்கத்தில் நாலு குழு. பெரியவர் பதினோரு நிமிடத்தை எடுத்துக்கொண்டால் மற்றவர்களுக்கு என்ன மிஞ்சும்? அவர் பாட்டைக் குறைக்கலாமே என்றேன்.

மாண்டினீக்ரோப் பிரதிநிதி என்னை இரக்கத்தோடு பார்த்தார். "தம்பி, அந்தப் பாட்டுல முப்பத்தேழு வீரர் சாகறாங்க. நீ யாரை வெட்டச் சொல்ற? பேரைச் சொல்லு. அந்த வீரனோட ஊர்க்காரங்க இன்னும் உசுரோடதான் இருக்காங்க."

நான் யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

"அப்ப விட்டுக்குடுக்கறது யாரு?" என்று கேட்டுவிட்டு பாவ்லெக் தானே பதிலும் சொன்னார். "வீட்டுக்காரன்தான் விருந்தாளிக்கு விட்டுக்குடுக்கணும். கூட்டம் நடக்கறது குரோவேஷியாவுல. வீட்டுக்காரன் குரோவேஷியா. குரோவேஷியான்னா..." என்று கையை எங்கள் பக்கம் நீட்டினார். எல்லோரும் எங்கள் பெருந்தன்மைக்குக் கைதட்டினார்கள். எங்கள் பாட்டு ஒரு நிமிடமாயிற்று.

"ஒரு நிமிஷத்துல எல்லாத்தையும் கேட்டு முடிக்க முடியுமா?" என்று கேட்டேன்.

"முடியும்," என்றாள் லொரெதானா. "வேகமாக் கேட்டா வேகமா இல்லன்னு சொல்லிட்டுப் போறான்." அவள் குரலில் பழைய துள்ளல் இல்லை.

டாக்டர் ஒல்காவிடம் போனது ஆகஸ்டில். மட்டமான பாட்டு என்று முத்திரை விழுந்தால் அந்தத் தட்டுக்குத் தனி வரி உண்டு. மட்டமா இல்லையா என்று சொல்லும் அதிகாரம் அவருடையது. மெலிந்த அம்மாள், அழகான கையெழுத்து, பாட்டை ஒரு தடவைகூடக் கேட்காமல் வரிகளைத் தட்டச்சு செய்யச் சொல்லிப் படித்தார்.

"சோப்பு வேணாம்," என்றார். "சோப்புத் தொழிற்சாலைதான் தட்டு வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் தராங்க. எண்ணெயும் வேணாம், அமைச்சர் எண்ணெய் ஆலை இருக்கற ஊர்க்காரர். வரிசை ரொம்ப நல்ல விஷயம், ஒழுங்கைக் காட்டுது. ஆனா கடைசியில போய் நில்லுன்னு ஒரு குடிமகனைச் சொல்றது முறையா? கடைசின்னு ஒரு இடமே நம்ம சமூகத்துல கிடையாது. அப்ப மிச்சம் என்ன? காப்பி."

"அதாவது மிஞ்சுமா?" என்றாள் லொரெதானா.

"காப்பி இருக்கட்டும். காப்பி இருக்கான்னு கேக்கறதுல என்னம்மா தப்பு? நானே கேக்கறேன். கேள்விக்கு வர்க்கம் கிடையாது. பதில்தான் விரோதப் பிரச்சாரம். இல்லங்கறது ஒரு முடிவு. அந்த முடிவை எடுக்க உங்களுக்கு அதிகாரம் குடுத்தது யாரு? பதிலை எடுத்துருங்க."

"பதில் இல்லாம கேள்வி மட்டும் நிக்குமே, டாக்டர்."

"நிக்கட்டும். கேக்கறவங்களே மனசுக்குள்ள சாதகமா ஒரு பதில் சொல்லிப்பாங்க. மக்கள் மேல நம்பிக்கை வைக்கணும்."

எங்கள் "இல்ல" அப்படிப் போயிற்று. குரல்கள் தனியாகப் பதிவாகியிருந்ததால் அவற்றை மட்டும் அழித்தார்கள். டிரம்மின் இரண்டு அடிகள் பதில் இருந்த இடத்தில் சும்மா விழுந்துகொண்டிருந்தன. டம், டம். வீட்டுக்காரன் இல்லாத கதவைத் தட்டுகிற மாதிரி.

கடைசி அடி செப்டம்பரில் விழுந்தது. பெரியவர் ஸாவிஷா ஒலிப்பதிவின்போது உணர்ச்சிவசப்பட்டு, அட்ரியாஃபோனையும் அதன் எட்டுப் பிரதிநிதிகளையும் வாழ்த்தி ஒரு சரணம் சேர்த்துவிட்டார். தங்கள் பெயர் வரும் சரணத்தை வெட்ட எந்தப் பிரதிநிதியும் ஒப்பவில்லை. இரண்டாம் பக்கத்தில் இடமே இல்லை. நிமிடம் இல்லை, நொடியும் இல்லை. அட்டையோ அச்சாகிவிட்டது, எட்டுக் குழு என்று தீர்மானமும் ஆகிவிட்டது, காவல்காரரின் படம் உட்பட.

நானும் லொரெதானாவும் வராண்டாவில் குழாயடியில் நின்றோம். அவள் முகத்தைக் கழுவினாள். அழுதாளா என்று நான் பார்க்கவில்லை. "போகட்டும் விடு, நேவியோ," என்றாள். "வால்டெருக்கு நான் போன்ல சொல்லிக்கறேன். நல்லாத்தான் இருந்துச்சு, இல்ல?"

எனக்கு அந்தக் கூட்டத்தையே சுத்தியலால் தட்டலாம் போலிருந்தது.

அப்போதுதான் உள்ளேயிருந்து பாவ்லெக்கின் குரல் கேட்டது. தட்டு வெட்டும் தொழில்நுட்பர் ருடியைக் கூப்பிட்டு, ஒரு பழைய தட்டைக் கையில் வைத்துக்கொண்டு விசாரித்துக்கொண்டிருந்தார்.

"ருடி, பாட்டெல்லாம் முடிஞ்சப்புறம் இந்த நடுவுல ஒரு கோடு வட்டமாப் போகுதே, இது என்ன?"

"அது கடைசிச் சுத்து, தோழர். ஊசி நடுவுல ஒட்டின காகிதத்துல போய் இடிக்காம இருக்க அங்கயே சுத்தும்."

"அதுல என்ன பதிஞ்சிருக்கு?"

"ஒண்ணும் இல்ல. காலி."

பாவ்லெக்கின் முகம் மலர்ந்தது. "கேட்டீங்களா தோழர்களே? ஒவ்வொரு தட்டுலயும் ஒரு முழுச் சுத்து. இத்தனை வருஷமா. உழைக்கும் மக்களோட சொத்து, ஒண்ணுமே பதியாம, வீணாச் சுத்திட்டிருக்கு. எந்த முதலாளியும் கவனிக்கல. இதுல எவ்வளவு நேரம் கொள்ளும்?"

"ரெண்டு நொடிக்கும் கம்மி. ஆனா தோழர், அங்க எதையாவது போட்டா அது நிக்காது."

"நம்ம புரட்சியும் நிக்காததுதான்," என்றார் பாவ்லெக். எட்டுக் கைகள் உயர்ந்தன.

ருடி தோளைக் குலுக்கிவிட்டுச் சாப்பிடப் போனார். அவருக்கு அன்று மதியம் பீன்ஸ் சூப்.

விழா நான் முகாமுக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் நடந்தது. சோப்புத் தொழிற்சாலை மண்டபம், மேடையில் நாட்டுத் தலைவரின் படம், அதன் கீழே ஸ்டூடியோவிலிருந்து தூக்கி வந்த கனமான தட்டுச் சுழற்றி. வீட்டுப் பெட்டிகளில் சிலவற்றுக்குப் பாட்டு முடிந்ததும் ஊசி தாங்கிய கை தானே எழுந்துவிடும். இதற்கு அந்தப் புத்தி கிடையாது. யாராவது தூக்கினால்தான் உண்டு. கூட்டத்துக்குத் தொழிற்சாலைப் பெண்களை ஷிஃப்டிலிருந்து அப்படியே அழைத்து வந்திருந்தார்கள். பின்வரிசைகளில் மாணவர்கள்.

நிகழ்ச்சி நிரல் எல்லோருக்கும் தரப்பட்டது. ஒன்று, தேசிய கீதம். இரண்டு, தோழர் பாவ்லெக்கின் உரை. மூன்று, இரண்டாம் பக்கத்தை முடியும்வரை கேட்டல். நான்கு, கைதட்டல். ஐந்து, மேடையில் இருப்போருக்குச் சிற்றுண்டி.

கீதத்துக்கு எழுந்தவர்களை உட்காரச் சொல்ல மறந்துவிட்டார்கள். பாவ்லெக் உரையாற்றினார்.

"நம்மகிட்ட கருத்து வேற்றுமை உண்டுன்னு சிலர் சொல்றாங்க. இந்தத் தட்டைப் பாருங்க. எட்டுக் குழு, எல்லாரும் ஒரே அளவு, யாருக்கும் திருப்தி இல்ல. இதைவிடச் சமத்துவம் எங்க கிடைக்கும்? எது நல்லா இருக்குன்னு நாங்க ஒரு நாளும் கேட்டுக்கல. கேட்டிருந்தா சண்டை வந்திருக்கும்."

கூட்டம் நின்றபடி கேட்டது. தட்டு சுழன்றது. இரண்டு குழுக்கள் வந்து போயின. பிறகு ஸாவிஷா. முப்பத்தேழு வீரர்களும் ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். நின்றிருந்தவர்கள் காலை மாற்றி மாற்றி ஊன்றினார்கள். வாழ்த்துச் சரணத்தில் தங்கள் பெயர் வந்தபோது பிரதிநிதிகள் ஒவ்வொருவராகத் தலை வணங்கினார்கள். நரம்பு ஓய்ந்தது. பாவ்லெக் கைதட்டக் கையை உயர்த்தினார்.

"காப்பி இருக்கா?" என்றாள் லொரெதானா, தட்டிலிருந்து. டம், டம்.

பாவ்லெக் கையை இறக்கினார்.

"காப்பி இருக்கா?" டம், டம். "காப்பி இருக்கா?" டம், டம்.

நிரலின் மூன்றாவது அம்சம் இன்னும் முடியவில்லை. முடியாமல் நான்காவதுக்குப் போக முடியாது. மேடையில் தலைகள் கூடின. நடுவில் நிறுத்துவதென்றால் நிரலைத் திருத்த வேண்டும். திருத்த எட்டுக் கை வேண்டும். ஏழுதான் இருந்தன. இவ்வளவு நேரம் நின்றதில் தாங்காமல் ஸ்லோவேனியப் பிரதிநிதி கழிவறைக்குப் போயிருந்தார். அவரைக் கூட்டிவர அனுப்பப்பட்டவர் வோய்வோடினப் பிரதிநிதி. இப்போது ஆறு.

"காப்பி இருக்கா?" டம், டம்.

மூன்றாவது வரிசையில், தலையில் துணி கட்டிய ஒரு தொழிலாளிப் பெண், பாவம், அவள் எதையும் எதிர்க்க நினைத்தவளாகத் தெரியவில்லை. வருடம் முழுக்க அந்தக் கேள்வியும் அதற்கான பதிலும் அவள் காதில் சேர்ந்தே விழுந்திருக்கின்றன. டம், டம் வந்த இடத்தில் வாய் தானாக முணுமுணுத்தது.

"இல்ல."

பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். அடுத்த சுற்றில் இரண்டு பேர் சொன்னார்கள். அதற்கடுத்து ஒரு வரிசை. மாணவர்கள் சேர்ந்துகொண்டதும் மண்டபத்தின் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. லொரெதானா கேட்டாள். என் இரண்டு அடி விழுந்தது. நாங்கள் இரண்டு பேர் கத்திய "இல்ல"வை இருநூறு பேர் கத்தினார்கள். அழித்த பதில் அழித்த இடத்திலேயே வந்து உட்கார்ந்தது. நான் மேடையின் ஓரத்தில் நின்று முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன் என்பதையே லொரெதானா என் கையைப் பிடித்தபோதுதான் உணர்ந்தேன். எனக்கு வால்டெர் இங்கே இல்லையே என்று இருந்தது.

டாக்டர் ஒல்கா காதைப் பொத்தவில்லை. குறிப்பேட்டை மூடிவிட்டு, "மக்கள் மேல ரொம்ப நம்பிக்கை வெச்சிட்டேன்," என்று பக்கத்து நாற்காலியிடம் சொன்னார்.

அந்த நேரத்தில் பக்கவாட்டுக் கதவு திறந்தது. ஷ்டெஃபா நிரலைப் படிப்பவள் அல்ல. பன்னிரண்டு மணிக்குக் காப்பி என்று சொல்லியிருந்தார்கள், பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. பெரிய தட்டில் சின்னக் கோப்பைகள், ஆவி பறக்க. மணம் மேடையிலிருந்து இறங்கி வரிசை வரிசையாகப் போயிற்று. மண்டபம் மெல்ல மெல்ல அடங்கியது. மரச்செருப்பின் சத்தம் மட்டும் கேட்டது.

"காப்பி இருக்கா?" டம், டம்.

யாரும் "இல்ல" என்று சொல்லவில்லை. இருந்ததே.

ஷ்டெஃபா வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கேள்வியை எத்தனையோ பேர் கேட்டிருப்பார்கள். கோப்பைகளை அடுக்கிக்கொண்டே, நிமிராமல், பழக்கத்தில் பதில் சொன்னாள். ஒலிவாங்கி பக்கத்திலேயே இருந்தது.

"இருக்குப்பா. மேடைக்கு மட்டும்தான்."

அந்தச் சிரிப்பை நான் எழுதிக் காட்ட முடியாது. கூரை மேல் உட்கார்ந்திருந்த புறாக்கள் பறந்துபோனதாக ஓட்டுநர் பிறகு சொன்னார். பாவ்லெக் சிவந்துபோய், கோப்பையைத் தொடலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார். லொரெதானா என் கையை விட்டுவிட்டு நேராக நடந்துபோனாள். பாவ்லெக்கின் முன்னால் இருந்த கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள். ஊசியைத் தொடவில்லை. ஒலிவாங்கிப் பக்கம் திரும்பி, "சர்க்கரை கம்மி," என்றாள்.

ஆணையம் மறுநாளே கூடியது. தட்டைத் திரும்பப் பெற வேண்டும் என்று ஒல்கா சொன்னார். ஆனால் விவாதம் வேறு பக்கம் போய்விட்டது. யாரோ கணக்குப் போட்டுப் பார்த்ததில், ஊசியைத் தூக்காத வரை எங்கள் பாட்டுக்கு முடிவே இல்லை. அதாவது குரோவேஷியாவுக்கு மட்டும் எல்லையற்ற நேரம் தரப்பட்டிருக்கிறது. மற்ற ஏழு பேரும் கொதித்தார்கள். தங்களுக்கும் எல்லையற்ற நேரம், அதுவும் சம அளவில், வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். ஒரு தட்டில் எட்டு முடிவின்மைகளை எப்படி அடைப்பது என்று ஆராய ஒரு துணைக்குழு அமைத்தார்கள். அது அறிக்கை தரும்வரை தட்டு கடைகளில் இருக்கட்டும் என்று விட்டார்கள். துணைக்குழு இன்னும் கூடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

எனக்கு மொட்டை அடித்தார்கள். நீஷ் நகர முகாமில் முதல் நாள் காலை, இருட்டும் குளிருமாக, உணவுக்கூட வரிசையில் கடைசியாக நின்றேன். யாரிடமும் நான் டிரம்ஸ்காரன் என்று சொல்லவில்லை. சமையல்காரர் அண்டாவிலிருந்து சிக்கரித் தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் எங்கோ ஒரு குரல், லொரெதானா கேட்கிற அதே இழுவையில், மெதுவாகக் கேட்டது.

"காப்பி இருக்கா?"

அலுமினியத் தட்டுகளில் ஸ்பூன்கள் விழுந்தன. டம், டம். வரிசை முழுவதும், ஸ்லோவேனியனும் மாசிடோனியனும் போஸ்னியனும், ஒரே குரலில் "இல்ல" என்றது.

சமையல்காரர் நிமிரவில்லை. "இருக்குப்பா. மேடைக்கு மட்டும்தான்," என்றார்.

அந்த வரி எங்கள் நாடாவில் கிடையாது. அதற்கு எந்தக் கையும் உயரவில்லை. இருந்தாலும் அது பாட்டில் சேர்ந்துவிட்டது. இனி யாராலும் பிரிக்க முடியாது என்று தோன்றியது. நான் தட்டைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றேன். கண் கலங்கியது. முன்னால் நின்றவன் திரும்பிப் பார்த்தான். நல்ல உயரம், கொசோவோக்காரன்.

"என்னடா புதுசு, சும்மா நிக்கற? ஸ்பூன் இல்லையா, தாளம் வராதா?"

"கத்துக்கறேன்," என்றேன்.

"கஷ்டம் ஒண்ணுமில்ல. ரெண்டு தட்டு. ஆனா ரெண்டாவதைக் கொஞ்சம் லேட்டாத் தட்டணும். நேரத்துக்குத் தட்டினா நல்லா இருக்காது," என்று என் ஸ்பூனை வாங்கிக் காட்டிக்கொடுத்தான். மிகச் சரியாகத் தட்டினான், என் குச்சி அன்று வழுக்கிய அதே அளவுக்கு.